ராத்திரியில் நாலு சென்டிமீட்டர்: ஒரு குழாய்க் கசிவைத் தேடின கதை

நேற்றுக் காலை அஞ்சரை மணிக்கு மொட்டை மாடி ஏறி, டேங்குக்குள் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கத் தண்ணீர் மூணு மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. ரெண்டு மாதம் முன்னால் இதே குச்சி நாலு சென்டிமீட்டர் காட்டியது. மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீடு தர்மபுரியில், இலக்கியம்பட்டிப் பக்கம். 2011இல் கட்டியது, தரைத்தளம் மட்டும். மாடியில் ரெண்டு டேங்க். ஆயிரம் லிட்டர் கருப்பு டேங்கில் போர்வெல் தண்ணீர், பக்கத்தில் ஐந்நூறு லிட்டரில் ஒகேனக்கல் தண்ணீர். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஓட ஆரம்பித்த பிறகு வைத்ததுதான் அந்தச் சின்ன டேங்க். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் குடிக்க, சமைக்கக் காவிரி; குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குப் போர். சமையலறையில் ரெண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் மூக்கு பளபளவென்று இருக்கும், இன்னொன்றின் மூக்கில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைப் பொருக்கு. எது போர் என்று சொல்லத் தேவையில்லை. அந்த உப்புக்கு இந்தக் கதையில் பெரிய வேலை இருக்கிறது.

வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். வீட்டில் நான், அத்தை, ஒன்பதாவது படிக்கும் பையன். அதனால் இதில் முக்கால்வாசி வேலை நான் செய்தது. தப்புகளும்தான்.

ஏப்ரலில் ஹால் சுவரில் ஓர் ஓரம் பூக்க ஆரம்பித்தது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பி, விரலால் தொட்டால் உள்ளே இருந்து உப்பு மாவு கொட்டியது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை. மழைத்தண்ணி இறங்குது என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாம். ஏப்ரலில் தர்மபுரியில் எந்த மழை என்று நானும் கேட்கவில்லை. சுரண்டிவிட்டு, ஈரம் தாங்கும் பட்டி என்று கடையில் கொடுத்ததைப் பூசி, மேலே பெயிண்ட் அடித்தேன். 640 ரூபாய். மூணே வாரத்தில் அதே இடம், முன்பைவிட ஒரு கை அகலம் கூடுதலாகப் பூத்தது.

அந்த இடத்திலிருந்து முக்கால் அடியில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் கொஞ்சம் பயம் வந்தது. அந்த லைனின் பிரேக்கரை இறக்கிவிட்டு, மிக்ஸியைச் சமையலறைக்கே மாற்றினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு அறிகுறியும் அதற்குள் வந்திருந்தது. முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போட்டால் போதும். இப்போது தினமும். வெயில் காலம், கூடத்தான் செலவாகும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தைதான், "நாம மூணு பேரு கண்ணு, மூணு யானை இல்ல" என்றார்.

சரி, அளந்துவிடலாம். தையல் டேப் நூற்றைம்பது சென்டிமீட்டர்தான் என்பதால் மூணு தடவை வைத்து டேங்கின் சுற்றளவை எடுத்தேன்: 346 சென்டிமீட்டர். பையன் கணக்குப் போட்டான். ஆரம் 55, அப்படியென்றால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பதரை லிட்டர். துடைப்பான் கம்பு ஒன்றில் சாக்பீஸை அடர்த்தியாகத் தேய்த்து, டேங்கின் அடி வரைக்கும் நேராக விட்டு எடுத்தால், நனைந்த இடம் வரைக்கும் சாக்பீஸ் கரைந்திருக்கும். அங்கே மார்க்கரில் கோடு. ராத்திரி பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு ஒரு கோடு, காலை அஞ்சரைக்கு யாரும் எழுந்திருக்கும் முன்னால் இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர். ஏழரை மணி நேரத்தில் 38 லிட்டர். ஒரு நாளைக்கு 120 லிட்டருக்கு மேல் எங்கேயோ போகிறது. போரில் தண்ணீர் குறைந்து, மே மாதம் டிராக்டர் டேங்கர் ஒரு லோடு, ஆறாயிரம் லிட்டர், 800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அம்பது நாளில் ஒரு லோடு சுவர் குடிக்கிறது.

மறுநாள் ராத்திரி கழிப்பறை ஃபிளஷ் டேங்குக்குப் போகும் ஆங்கிள் வால்வை மட்டும் மூடிவிட்டு அதே சோதனை. ரெண்டரை சென்டிமீட்டர். ஆக, கசிவு ஒன்று இல்லை, ரெண்டு! ஃபிளஷ் விஷயம் சுலபம். மூடியைத் திறந்து தொட்டிக்குள் துணிக்குப் போடும் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, இருபது நிமிடம் யாரையும் உள்ளே விடாமல் வைத்தேன். பீங்கானில் நீலக் கோடு ஒன்று மெல்ல வழிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் உப்புப் படிந்து பிஸ்கட் மாதிரி கெட்டியாகிவிட்டிருந்தது. உள் செட் 180 ரூபாய், அரை மணி வேலை.

மிச்சம் ரெண்டரை சென்டிமீட்டர் சுவருக்குள். அங்கேதான் என் கஷ்டகாலம் தொடங்கியது.

சுவரை உடைப்பதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும். டேங்கின் அடியில் பித்தளை கேட் வால்வ் ஒன்று, ஒன்றேகால் இஞ்ச், வீடு கட்டின நாளிலிருந்து யாரும் தொடாதது. கையால் திருகினேன், அசையவில்லை. பைப் ரென்ச்சைப் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். அப்புறம் கைப்பிடி ராட்டினம் மாதிரி எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுற்றியது. உள்ளே இருக்கும் பலகை உப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட, தண்டு மட்டும் கழன்றுவிட்டது. போதாததற்குக் கைப்பிடிக் கழுத்திலிருந்து சொட்ட வேறு ஆரம்பித்தது. என் அம்மா வீடு காவேரிப்பட்டணம். 2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்து தென்பெண்ணையில் தண்ணீர் பாய்ந்தபோது அம்மா போனில் பதறியது ஞாபகம் வந்தது. அது ஐம்பத்திரண்டு அடி அணை, இது நாலு அடி டேங்க். மூட முடியாத கதவுக்கு முன்னால் நிற்கிற வயிற்றெரிச்சல் மட்டும் அதே ரகம்.

வால்வ் மூடாது என்றால் வேறு வழி டேங்கைக் காலி செய்வதுதான். அண்டா, குடம், வாளி, பையன் சின்ன வயதில் குளித்த பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தென்னைக்கு விட்டேன். ரெண்டு மணி நேரம் ஆனது. இதை மொத்தம் மூணு தடவை செய்தேன்.

முதல் தடவை: பூத்த இடத்துக்கு நேர் பின்னால், குளியலறையில் வாளிக் குழாய்க்குப் பக்கத்து டைல்ஸை உளி வைத்து எடுத்தேன். ரெண்டு டைல்ஸ் போனது. 2011இல் வாங்கின டிசைன், இப்போது எந்தக் கடையிலும் இல்லை. உள்ளே சந்தன நிற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பும், அதை வளைத்துத் திருப்பும் எல்போ ஒன்றும், ரெண்டும் ஈரம். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். எம்சீலை மாவு மாதிரி பிசைந்து எல்போவைச் சுற்றிக் கொழுக்கட்டை பிடித்தேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் தண்ணீர் ஏற்றினேன். பத்து மணிக்கு எம்சீல் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன். செய்ய வேண்டியது அதைத்தான், அதுவும் முதலில். பைப்பைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, நாளிதழைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்து, பைப் போகும் காடியின் நெடுக ஒட்டி வைத்து, டார்ச் அடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாலு நிமிடத்தில் காகிதத்தின் மேல் நுனி சாம்பல் நிறமாக மாறியது. அப்புறம் நடு. கடைசியாகத்தான் கீழ் நுனி. தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. எல்போ பாவம், வழியில் நின்று நனைந்துகொண்டிருந்தது.

மேலே எங்கே என்று பார்க்க எவர்சில்வர் டம்ளர். ராத்திரி பதினொரு மணிக்கு ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு, டம்ளரின் வாயைச் சுவரில் வைத்து அடியில் காதை வைத்தேன். வாளிக் குழாய் உயரத்தில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு டைல்ஸாக மேலே ஏறினேன். தரையிலிருந்து மூன்றரை அடி, ஷவர் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து அடங்கும்போது கேட்குமே, அந்த மாதிரி மெல்லிய 'ஸ்ஸ்'. பையனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவனுக்கும் கேட்டது. அத்தைக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த டம்ளரில் இனிமேல் எனக்குக் காப்பி வேண்டாம் என்றார்.

டேங்கை ரெண்டாம் தடவை காலி செய்தேன். இந்தத் தடவை ஒரே ஒரு டைல்ஸ்தான் உடைத்தேன், ஷவர் குழாயைச் சுற்றி. குழாயைக் கழற்றினால் அடியில் சிபிவிசி எல்போ, மரை வெட்டின வாய். அந்த வாயின் ஓரத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. நிஜமாகவே முடிதான் ஒட்டியிருக்கிறது என்று நகத்தால் எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. விரிசல். பிளாஸ்டிக் மரைக்குள் பித்தளைக் குழாயை, டெஃப்ளான் டேப்பைக் கட்டு கட்டாகச் சுற்றி, முழு பலத்தில் முறுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கே உள்ளுக்குள் விண்டு, வருடக்கணக்கில் விரிந்திருக்க வேண்டும். பித்தளை மரை வைத்த எல்போ போடாமல் கட்டும்போது மிச்சம் பிடித்தது அறுபது, எழுபது ரூபாய் இருக்கும்.

பைபாஸ் ரோட்டு ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்சிலிருந்து அரை இஞ்சுக்குப் போகும் பித்தளை மரை எல்போ 115 ரூபாய். ரெண்டு வாங்கினேன். கீழே வாளிக் குழாய்க்கும் அதே கை, அதே காலத்தில் முறுக்கினதுதானே. பத்தடி சிபிவிசி பைப் 310. ரெண்டு பைப்பை இணைக்கும் கப்ளர், சாதா எல்போ எல்லாம் சேர்த்து 120. பைப் ஒட்டும் சொல்யூஷன் வீட்டிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் அடுத்த தப்பு.

வீட்டில் இருந்தது தோட்டத்து வெள்ளை பைப்புக்கு வாங்கின டப்பா, யுபிவிசிக்கானது. சிபிவிசிக்கு வேறு. டப்பாவிலேயே எழுதியிருந்தது, நான் படிக்கவில்லை. ஹாக்சா பிளேடால் பைப்பை அறுத்து, ஒட்டி, ராத்திரி காயவிட்டு, காலையில் தண்ணீர் விட்டேன். ஒட்டின இடத்தில் முத்து முத்தாக வியர்த்தது. கையால் லேசாகத் திருகினேன், எல்போ கையோடு வந்துவிட்டது.

ஒட்டின எல்போவைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. பைப்பிலும் ஒட்டின நுனியை அறுத்துத் தள்ள வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் சுவருக்குள் ரெண்டு இஞ்ச் பைப் குறைகிறது. குறைந்த ரெண்டு இஞ்சை ஈடுகட்ட ஒரு கப்ளர், அந்தக் கப்ளர் உட்கார இன்னும் ஒரு டைல்ஸ். ஆக மொத்தம் நாலு டைல்ஸ். வாளிக் குழாய்க்கென்று வாங்கின ரெண்டாவது எல்போ மேலே போய்விட, இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. மறுபடி 115.

மூணாம் தடவை, சிபிவிசி சொல்யூஷன் 118 மில்லி டப்பா, 140 ரூபாய். இப்போது நிதானமாகச் செய்தேன். அறுத்த வாயில் இருக்கும் பிசிறை உள்ளேயும் வெளியேயும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். ஒட்டாமல் ஒரு தடவை எல்போவைச் செருகிப் பார்த்து, எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பைப்பில் பென்சில் கோடு. கீழே வாளிக் குழாயின் வாயைத் திறந்தே வைத்ததால் லைனில் மிச்சமிருந்த தண்ணீர் அங்கே வடிந்துவிட்டது, மேலே பைப் காய்ந்தே இருந்தது. பைப்பின் வெளியே தாராளமாக, எல்போவின் உள்ளே லேசாகத் தடவி, செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, பென்சில் கோடு மறையும் வரை தள்ளி, முப்பது எண்ணும் வரை கையை எடுக்காமல் பிடித்திருந்தேன். பிடிக்காவிட்டால் எல்போ மெல்லப் பின்னால் நகர்ந்து வரும், அதை என் கண்ணாலேயே பார்த்தேன். இருபத்திநாலு மணி நேரம் தண்ணீர் விடவில்லை. பக்கத்து வீட்டில் குளித்தோம்.

பிடித்துக்கொண்டது.

ஆனால் மாடியில் உடைந்த வால்வ் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. அதற்குக் கீழே வாளி வைத்து, வாளியை எடுத்து ஊற்ற ஏணியோடு ஏறி இறங்கி, ஒருநாள் ஏணியின் கால் வெளிச்சுவரில் இறங்கும் சமையலறை லைனில் இடித்து அதிலும் விரிசல். வெயிலில் காய்ந்த வெள்ளை பைப், கொஞ்சம் இடித்தாலே போதும் போல. அப்போது கைகொடுத்தது பழைய சைக்கிள் டியூப். ஒரு இஞ்ச் அகலத்துக்கு நீளமாக வெட்டி, விரிசலுக்கு நாலு விரல் முன்னாலிருந்து ஆரம்பித்து, இழுத்து இழுத்து, ஒன்றின் மேல் பாதி ஏறுகிற மாதிரி சுற்றி, முடிவில் கம்பி போட்டு முறுக்கினேன். தளர்வாகச் சுற்றினால் வேலைக்கு ஆகாது. ரப்பர் பாதியாக மெலிகிற அளவுக்கு இழுக்க வேண்டும். பிளம்பர் வரும் வரை, ரெண்டு நாள், ஒரு சொட்டு வரவில்லை.

பிளம்பர் தம்பி மூணு ஞாயிறாக "இந்த வாரம் கட்டாயம் வந்துடறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். கடைசியில் ஒரு புதன்கிழமை வந்தார். நான் மறுபடி டேங்கைக் காலி செய்யக் குடத்தை எடுத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஒரு பழைய துணியை உருண்டையாகச் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நீளமாகக் கயிறு கட்டி, என்னுடைய அதே துடைப்பான் கம்பால் டேங்கின் உள்பக்கம் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் அழுத்தினார். தண்ணீரின் எடையே அதை அங்கே பிடித்து வைத்துவிட்டது. உருண்டை ஓட்டையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பைப்புக்குள்ளேயே போய்விடும், கயிறு அதற்குத்தான். டேங்க் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டே வால்வை மாற்றிவிட்டார். நான் மூணு தடவை தென்னைக்கு விட்டது ரெண்டாயிரம் லிட்டராவது இருக்கும்.

கழற்றின கேட் வால்வை அறுத்துப் பார்த்தோம். பாதி வாய் வரை வெள்ளையாக உப்பு, கல் மாதிரி. புதிதாகப் போட்டது, உள்ளே பந்து சுற்றும் 'பால்' வால்வ், கழற்றி மாட்ட உதவும் யூனியனோடு சேர்த்து 560. கால் சுற்றில் மூடிவிடும். அதோடு விடாமல், வெளிச்சுவரில் இறங்கும் நாலு லைனுக்கும் தனித்தனியாக முக்கால் இஞ்ச் பால் வால்வ் போடச் சொன்னேன், ஒன்று 210. மாடியிலேயே போட்டுவிடலாமே அக்கா, பைப் கம்மியாகும் என்றார். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணீர் பீச்சினால் அத்தை ஏணி ஏற வேண்டுமா? தரையிலிருந்து நாலரை அடியில், கைக்கெட்டும் இடத்தில் போட்டோம். நான் சுற்றின டெஃப்ளானையும் அவர் பிரித்துப் போட்டார். மரையின் வாய் நம் முகத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கடிகாரம் ஓடும் பக்கமாகச் சுற்ற வேண்டுமாம். நான் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தேன், முறுக்க முறுக்க அது பிரிந்துகொண்டு வந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு சுற்று, கையால் இறுகும் வரை, அதற்குமேல் ஸ்பேனரில் ஒரு சுற்று, ஒன்றரை. அத்தோடு நிறுத்து. எல்போ விண்டதற்குக் காரணம் அந்த நிறுத்தத் தெரியாத கைதான்.

சுவரை மூடுவதற்கு முன்னால், லைனில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் பம்ப் கொண்டு வரச் சொல்லி வற்புறுத்தினேன். வீட்டு வேலைக்கு இதெல்லாம் எதுக்குக்கா என்றுதான் முதலில் கேட்டார். ஷவர் வாயில் பம்ப் ஓஸை மாட்டி, மற்ற வாய்களில் டம்மி மூடி போட்டு, லைனில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, மூணு கிலோ அழுத்தம் வரை அடித்தார். பழைய லைன், அதற்குமேல் வேண்டாம் என்றார். நியாயம்தான், டேங்கிலிருந்து எங்கள் குளியலறைக்கு வரும் அழுத்தம் அரை கிலோ சுமார்தான். முதல் தடவை பத்து நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்கியது. எனக்கு வயிறு கலங்கியது. வாளிக் குழாய் வாயில் போட்ட டம்மிக்கு டேப் பத்தவில்லை, அவ்வளவுதான். திரும்பப் போட்டு ஒரு மணி நேரம், முள் அசையவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது ஒன்று உண்டு: திறந்திருந்த சுவரை, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பைப் பிடித்துக்கொண்டு, போனில் பதினோரு படம் எடுத்தேன். அடுத்த தடவை ஆணி அடிக்கும் முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். 2011இல் யாராவது இப்படி எடுத்து வைத்திருந்தால் நான் நாலு டைல்ஸ் உடைத்திருக்க மாட்டேன்.

பிளம்பர் ரெண்டு நாள் கூலி 1800. கொத்தனார், சிமென்ட், டைல்ஸ் சேர்த்து 1200. உடைந்த நாலு டைல்ஸுக்குப் பொருத்தமானது கிடைக்காததால் ஷவருக்குக் கீழே பச்சைப் பட்டையாக வேறு டைல்ஸ் வைத்தோம். வேண்டுமென்றே வைத்த டிசைன் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். வீணாய்ப் போன பட்டியையும் தப்பான சொல்யூஷனில் போன எல்போவையும் சேர்த்து மொத்தச் செலவு ஆறாயிரத்துச் சில்லறை. முதல் நாளே டம்ளரும் காகிதமும் எடுத்திருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

நாலு வால்வுக்கு மேலேயும் சுவரில் பெயிண்டால் பெரிதாகக் 'கு', 'க', 'ச', 'தோ' என்று எழுதியிருக்கிறேன். குளியலறை, கழிப்பறை, சமையலறை, தோட்டம். வெயில் படும் பைப்புக்கெல்லாம் வெளிச்சுவர் பெயிண்ட் மிச்சமிருந்ததை அடித்தேன். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்தான், ஆயில் பெயிண்ட் கூடாது என்று பிளம்பர் சொன்னார். மாதம் ஒண்ணாம் தேதி பால் கணக்குக் கொடுக்கும்போது அஞ்சு வால்வையும் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு இதையும் பிடித்துவிடும். ஊருக்குப் போனால் டேங்க் வால்வையே மூடிவிடுவது. போன வருடம் தீர்த்தமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தபோது, சமையலறைத் தொட்டிக்கு அடியில் கனெக்ஷன் பைப்பின் நட்டு விண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் அரிசி மூட்டை நின்றுகொண்டிருந்தது. அந்தப் பைப்பைக்கூடப் பழையதாகும் வரை யாரும் பார்ப்பதில்லை. இப்போது கீசருக்கும் தொட்டிக்கும் போகிறவற்றில் மாட்டின மாதமும் வருடமும் எழுதின ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, எல்லாரையும் வைத்து ஒத்திகை பார்த்தேன். "அத்தை, குளியலறையில தண்ணி பீச்சுது, மூடுங்க" என்று சத்தம் போட்டேன். பையன் போனில் நேரம் பார்த்தான். புறக்கதவைத் திறந்து, செருப்பைத் தேடிப் போட்டு, 'கு'வைக் கண்டுபிடித்து மூட நாற்பத்தெட்டு விநாடி. "கெழவிய ஓட விட்டு வேடிக்கை பாக்கறியா கண்ணு" என்று திட்டினார். ஓசூர்க்காரர் தன் முறைக்கு 'ச'வை மூடிவிட்டு வந்து நின்றார்.

புறக்கதவுக்குப் பின்னால் நாலு லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று தொங்குகிறது. அதில் டெஃப்ளான் மூணு, அரை இஞ்ச் டம்மி நாலு, முக்கால் இஞ்ச் மூடி ரெண்டு, கப்ளர் ரெண்டு, ஹாக்சா பிளேடு, உப்புத்தாள், சைக்கிள் டியூப் வெட்டினது, கம்பி, ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். சொல்யூஷன் ரெண்டு டப்பாவும் இருக்கின்றன. திறந்த தேதியை மூடியில் எழுதியிருக்கிறேன், திறந்துவிட்டால் சில மாதத்தில் கெட்டியாகிவிடுகிறது. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், எது எதற்கு என்று மறுபடி குழம்பாமல் இருக்க. அடுத்த தடவை டேங்கிலிருந்து இறங்கும் லைனில் வடிகட்டி ஒன்றும் போட்டுப் பார்க்க வேண்டும், குழாய் மூக்கில் இருக்கும் ஏரேட்டர் வலைகளில் மண் நிறைய சேர்கிறது. ஹால் சுவரைச் சுரண்டி செங்கல் தெரிய விட்டிருக்கிறேன், இன்னும் ரெண்டு மாதம் காயட்டும். அதற்கு முன்னால் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. அத்தை அதன் மேல் தினசரி காலண்டரை மாட்டிவிட்டார்.

அந்த மூணு மில்லிமீட்டர் எங்கே போகிறது என்றும் தெரிந்துவிட்டது. தோட்டத்துக் குழாய். அடியில் சொம்பு வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு ஆறேழு மில்லி. ஐந்து ரூபாய் வாஷர், கால் மணி வேலை. வாஷரும் வாங்கி வாளியில் போட்டாயிற்று. ஸ்பேனரோடு போனபோது அத்தை குழாய்க்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அத மட்டும் விடு கண்ணு. கறிவேப்பிலை இப்பத்தான் துளிர் விடுது."